யானைக் குட்டிப் பெட்டியும் இரண்டு குச்சியும்

கோவில்பட்டியில் தீக்குச்சிக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. எங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு எந்த வீட்டு அலமாரியில் கையை விட்டாலும் ஒரு தீப்பெட்டி அகப்படும். அப்படிப்பட்ட ஊரில், ஏழாம் வகுப்பு படிக்கும்போது, மைதானம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் இரண்டு குச்சியைக் கிழித்து, ஒன்றைக்கூடப் பற்ற வைக்க முடியாமல் நின்ற பெருமை எனக்கு உண்டு.

எல்லாம் மாமாவால் வந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. வாரத்தில் ஐந்து நாள் எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் சாரணர் தலைவர். அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. கழுத்தில் கட்ட ஒரு ஸ்கார்ப்பும் ஊத ஒரு விசிலும்தான் மிச்சம். அதற்கே அவர் சனிக்கிழமை ராத்திரியிலிருந்து துள்ளிக்கொண்டு இருப்பார். அவர் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்ததால் தலைவர்கள் கூடிப் பேசுவதும் எங்கள் வீட்டு முன்னறையில்தான் நடக்கும்.

தலைவர்கள் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, மாமாவைச் சேர்த்து மூன்று பேர். ஒருவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் மணியாச்சியிலிருந்து பாசஞ்சர் வண்டியைப் பிடித்து வந்து சேருவார். கார்டு ஐயா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வண்டி தாமதமானால், தன் தப்பு என்பதுபோல வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்பார். இன்னொருவர் பெண்பிள்ளைகளின் சாரணியர் படைக்குத் தலைவி, கேப்டன் டீச்சர். சர்ச்சில் ஆராதனை முடிந்த கையோடு, பைபிளும் முதலுதவிப் பையும் ஒரே கூடையில் குலுங்க சைக்கிளில் வருவார்.

அந்த வருஷம் புரட்டாசி மாதம் நடந்த கூட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். பையன்கள் ஒன்பது பேர், பெண்பிள்ளைகள் ஐந்து பேர் என்று படை சுருங்கியிருந்தது. முன்பு பையன்களே மூன்று அணி இருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை டியூசன், கேபிள் டிவியில் கிரிக்கெட், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக வந்த கம்ப்யூட்டர் சென்டர் என்று பிள்ளைகள் போக ஆயிரம் இடம் முளைத்துவிட்டது. இதற்கு மார்க் உண்டா என்று பெற்றோர் கேட்கிறார்கள். மீசை அரும்பிய ஒன்பதாம் வகுப்புக்காரன் எவனும் காக்கி அரைக்கால் சட்டை போடச் சம்மதிக்க மாட்டேன் என்கிறான். இதையெல்லாம் மாமா ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு படித்தார். இப்போது நானும் அப்படிப்பட்ட கூட்டங்களில் போய் உட்காருகிறேன். கம்ப்யூட்டர் சென்டரை எடுத்துவிட்டு செல்போனை வைத்தால் அதே பேப்பரை இன்றும் படிக்கலாம்.

முழுக்கால் சட்டை கொடுத்துவிடுவோம் என்றார் கேப்டன் டீச்சர்.

“மழை பெஞ்ச கரிசல்ல முழுக்கால் சட்டையோட நடந்து பாருங்க டீச்சர். முழங்கால் மட்டும் சேறு அப்பி, காலத் தூக்க முடியாது. அரைக்கால் சட்டைதான் இந்த மண்ணுக்குச் சரி” என்றார் கார்டு ஐயா.

“அதுக்கு மொதல்ல பையன் வரணும்லா ஐயா?”

இப்படியே ஒரு மணி நேரம் போனது. கேப்டன் டீச்சருக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து பயிற்சி செய்யட்டும், முடிச்சுப் போடுவதைக் குறைத்துக்கொண்டு தீக்காயத்துக்கு முதலுதவி சொல்லிக் கொடுப்போம், ஆபீசுக்குப் போகிற தாய்மார்கள் தாமாகவே பிள்ளைகளை அனுப்புவார்கள் என்றார். எங்கள் ஊரில் ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ்தான், தீப்பெட்டி செய்கிற தொழிற்சாலை. கார்டு ஐயாவுக்கோ எதையும் மாற்றக் கூடாது. முடிச்சு, விசில், தடம் பார்த்தல், இரண்டே தீக்குச்சியில் அடுப்பு மூட்டுதல், இதெல்லாம் போனால் படை எதற்கு என்று கேட்டார். மூன்றாவது குச்சியைத் தொட்டால் தேர்வில் தோல்வி என்பது அவருக்கு வேதவாக்கு.

கடைசியில் மாமா நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார். ஆயுத பூஜை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை பெற்றோரையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்கு அழைப்போம். டீச்சரின் தீக்காய முதலுதவி ஒன்று, ஐயாவின் இரண்டு குச்சி அடுப்பு ஒன்று, இரண்டையும் செய்து காட்டுவோம். அன்றைக்கே பதினைந்து புதுப் பெயர் சேர்ந்தால் படை நடக்கும். சேராவிட்டால் மூன்று பேரும் ஸ்கார்ப்பைக் கழற்றி வைத்துவிடுவோம் என்றார். கார்டு ஐயா கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குப் பகீரென்றது. நான் அந்த ஐந்து பெண்பிள்ளைகளில் ஒருத்தி. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற கடையில் வேலை பார்த்த அப்பா, எனக்காகத் தன் கையால் தைத்துக் கொண்டுவந்த நீல உடுப்பு அப்போதுதான் இரண்டு தடவை துவைபட்டிருந்தது. டிசம்பர் லீவில் முகாம் வரும், கூடாரத்தில் தூங்கலாம் என்று வகுப்பு முழுக்கப் பீற்றியும் வைத்திருந்தேன். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் பொறுக்க முடியாமல் உள்ளே பாய்ந்து, “நான் ஒரே குச்சியில மூட்டுவேன்!” என்று கத்தினேன்.

மாமா முறைத்தார். கேப்டன் டீச்சர் மட்டும் கைதட்டினார். அதுதான் சரி, பொம்பளைப் பிள்ளை தீ மூட்டட்டும், பையன்கள் உட்கார்ந்து கட்டுப் போடட்டும், அதுவே ஒரு மாற்றம்தானே என்றார். கார்டு ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒண்ணு வேண்டாம் தாயி. ரெண்டு உண்டு, ரெண்டையும் வச்சுக்கோ. அதுவே உன் தேர்வா இருக்கட்டும்” என்றார்.

அடுத்த பதினைந்து நாளும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் காய்ந்த பருத்திமாரும் கருவேலஞ் சுள்ளியும் பொறுக்கி வந்து வீட்டுக் கொல்லையில் அடுக்குவேன். அடியில் தேங்காய் நாரைப் பிரித்துப் பஞ்சு மாதிரி வைத்து, மேலே சுள்ளியைக் கூம்பாகச் சாய்த்து, காற்று வரும் பக்கம் ஒரு வாசல் விட வேண்டும். பன்னிரண்டு தடவை மூட்டியதில் பதினோரு தடவை ஒரே குச்சியில் பிடித்தது. பிடிக்காத அந்த ஒரு தடவைக்கு எங்கள் கோழி காரணம்.

சிறப்பு விருந்தினராக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியை மாமா அழைத்திருந்தார். முகாமுக்குத் தன் காலி நிலத்தைத் தருவதாக அவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். என் அம்மாவும் அவர் ஆபீசில்தான் வேலை பார்த்தாள். பெட்டியில் குச்சி அடைக்கிற ரூம். விஷயத்தைக் கேட்டதும் முதலாளி மகிழ்ந்துபோய், பிள்ளை கிழிக்கிற குச்சி நம்ம குச்சியாக இருக்கட்டும் என்று புதிதாக இறக்கியிருந்த லேபிளில் ஒரு பெட்டியை மாமாவிடம் கொடுத்தனுப்பினார். லேபிளில் ஒரு யானைக் குட்டி சிவப்புக் குடை பிடித்துக்கொண்டு நின்றது. அப்படி ஒரு அழகை அதுவரை நான் தீப்பெட்டியில் பார்த்ததில்லை. அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இந்த லேபிளு எங்க ரூம்ல மட்டுந்தான் அடைக்கோம். இது நாங்க அடைச்ச பெட்டிதாம்ட்டி” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் ஆபீசைப் பற்றிப் பேசியதில்லை.

ஆயுத பூஜை முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் அரிவாள்மனை, சைக்கிள், மாமாவின் விசில் என்று எல்லாவற்றின் மேலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. இத்தனை பொருளுக்குப் பொட்டு வைத்துவிட்டு, படையின் உயிரே எதை நம்பி இருக்கிறதோ அதற்கு வைக்காமல் விடலாமா? சனிக்கிழமை சாயங்காலம் தீப்பெட்டியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். சந்தனம் குழைத்தேன். யானைக் குட்டி மேல் வைக்க மனசு வரவில்லை. அதன் குடை பாழாகிவிடும். அதனால் பெட்டியின் இரண்டு பக்கவாட்டிலும் வைத்தேன். இடம் குறுகலாக இருந்ததால் பொட்டாக நிற்கவில்லை, பட்டையாகவே பூசிவிட்டேன். நடுவில் குங்குமம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பூச்சும் பூசினேன். பதினைந்து நாளாகத் தீக்குச்சியோடேயே குடித்தனம் நடத்தியவளுக்கு, குச்சியை உரசுகிற இடம் அதுதான் என்பது அந்த இரண்டு நேரமும் தோன்றவே இல்லை.

மைதானத்தில் நினைத்ததைவிட நல்ல கூட்டம். ஆபீஸ் பெண்கள் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அம்மாவும் அவர்களோடு இருந்தாள். முதலாளி வெள்ளை வேட்டி சட்டையில் வந்து இறங்கினார். கார்டு ஐயா விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டு இடது கையை நீட்டினார். சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். முதலாளி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், அவர் பின்னால் வந்த சூப்பர்வைசருக்கு முகம் கறுத்துவிட்டது. மாமா ஓடிப்போய் அது எங்கள் வழக்கம் என்று விளக்கிய பிறகு அவரும் தயங்கித் தயங்கி இடது கையைக் கொடுத்தார். ஆரம்பமே சரியில்லையே என்று மாமா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பிறகு கொடி ஏறியது. நான் மைக்கில் சாரணர் விதிகளைக் கடகடவென்று ஒப்பித்தேன். அடுத்து என் அடுப்பு. சுள்ளியை அடுக்கி முடித்ததும் கார்டு ஐயா பெட்டியை வாங்கினார். குச்சிகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, நல்லதாக இரண்டு பொறுக்கி, பெட்டியோடு என் கையில் கொடுத்தார். அவர் குச்சியைத்தான் பார்த்தார், பெட்டியைப் பார்க்கவில்லை.

முதல் குச்சியை உரசினேன். சத்தமே வரவில்லை. வெண்ணெயில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மறுபடியும் இழுத்தேன், இன்னும் அழுத்தினேன், குச்சி ஒடிந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டாவதைப் பெட்டியின் அடுத்த பக்கம் உரசினேன். மருந்து உதிர்ந்து மண்ணில் விழுந்தது. குச்சி முனையைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. சந்தன வாசனையும் அடித்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாமா குனிந்து என் காதில், “விடு, குச்சி நமுத்துப் போச்சு. உன் மேல ஒண்ணுமில்ல” என்றார். கூட்டமும் அதையேதான் பேசியது. குச்சி நமுத்துப்போச்சாம், புது லேபிளாம், இதுதான் லட்சணமாம். முதலாளியின் முகம் சிவந்துபோயிருந்தது. அவர் பின்பக்கம் திரும்பி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் எழுந்து, பெண்கள் இருந்த பக்கம் பார்த்து, “உங்க ரூம் சரக்குதான இது? யாரு ஈரக் கையோட அடைச்சா?” என்று கேட்டார். நான் அம்மாவைத் தேடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தோற்றதில் வெட்கப்பட்டுத்தான் என் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

சாரணர் நம்பிக்கைக்குரியவர் என்று சற்று முன்னால் ஒப்பித்த விதி நெஞ்சில் நின்று உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நிஜத்தில் முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பழி குச்சி மேல் போய்விட்டது, நான் தப்பித்தேன். ஆனால் கையிலிருந்த பெட்டியில் யானைக் குட்டி குடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரு பாவமும் செய்யாத அதைப் போய் இத்தனை பேர் திட்டுகிறார்களே என்று எனக்கு அழுகை முட்டியது. மைக் பக்கத்தில்தான் இருந்தது. எட்டிப் பிடித்தேன்.

“பெட்டி மேல குத்தமில்ல! குச்சி மேலயும் குத்தமில்ல! நாந்தான் சந்தனம் பூசிட்டேன், ரெண்டு பக்கமும் பூசிட்டேன், காலையிலயும் பூசினேன்!”

அது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம் கிளம்பிய சிரிப்பு அடங்கவே இல்லை. முதலாளி எழுந்து வந்து பெட்டியை வாங்கிப் பார்த்தார். மஞ்சள் பட்டை, நடுவில் குங்குமம். அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “என் பெட்டிக்கு நான்கூட இப்படிப் பூசை பண்ணினதில்ல பாத்துக்கோங்க” என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, என் பெட்டியிலிருந்தே ஒரு குச்சியை எடுத்து, பெட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சூப்பர்வைசர் நீட்டிய வேறொரு பெட்டியில் உரசினார். சுர்ரென்று பிடித்தது. அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஒரே விசில், ஒரே கைதட்டல்.

“அதைக் கொண்டே பத்த வையி பாப்பா!” என்று கூட்டம் கத்தியது. நான் கையை நீட்டினேன். முதலாளியும் குச்சியை நீட்டினார்.

“வேண்டாம்” என்றார் கார்டு ஐயா. “அது மூணாவது குச்சி.”

“ஐயா, பிள்ள உண்மையச் சொல்லிருக்கா” என்று கேப்டன் டீச்சர் சண்டைக்கு வந்தார்.

“அதுக்கு நானும் கைதட்டுதேன். தேர்வுன்னா தேர்வுதான்.”

“காலத்துக்கு ஏத்தாப்பல மாறணும்னு எத்தன நாளாச் சொல்லுதேன்!”

“இதையும் மாத்திட்டா அப்புறம் என்னதான் டீச்சர் மிச்சம் இருக்கும்?”

எங்கள் வீட்டு முன்னறைச் சண்டை முழுவதும் மைக் வழியாக ஊருக்கு ஒலிபரப்பானது. மாமா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். முதலாளி யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றதில் கையிலிருந்த குச்சியை மறந்துபோனார். அது எரிந்து இறங்கி விரலைச் சுட்டது. ஆவென்று கத்தி உதறினார்.

சூப்பர்வைசர் பேனாவைத் திறந்து சுட்ட விரலில் மை ஊற்ற ஓடி வந்தார். யாரோ பற்பசை, பற்பசை என்று கூவினார்கள். அதற்குள் எங்கள் பையன்கள் ஒன்பது பேரும் வாளியோடு பாய்ந்துவிட்டார்கள். முதலுதவி செய்து காட்டத் தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருந்த பயல்கள், நிஜமான தீக்காயமே கிடைத்தால் விடுவார்களா? ஒருவன் முதலாளியை நாற்காலியில் அமுக்கினான், ஒருவன் கையைப் பிடித்தான், ஒருவன் செம்பு செம்பாகப் பச்சைத் தண்ணீரை விரலில் ஊற்றினான். “மையி வைக்கப்பிடாது அண்ணாச்சி, அப்படித் தள்ளி நில்லுங்க” என்று அணித்தலைவன் சூப்பர்வைசரையே விலக்கிவிட்டான். வெள்ளை வேட்டி முழங்காலுக்குக் கீழே தொப்பலாக நனைந்தது. கொஞ்ச நேரத்தில் முதலாளி விரலை ஆட்டிப் பார்த்து, “எரிச்சல் நின்னுட்டுல்லா!” என்றார். கேப்டன் டீச்சர் சண்டையை மறந்து கார்டு ஐயாவின் கையையே பிடித்துக் குலுக்கினார், இடது கையால்.

என் தேர்வு முடிவை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. தோல்வி, அடுத்த மாதம் மறுபடியும் வரவும் என்று கார்டு ஐயா தன் நோட்டில் எழுதினார். மாமாவும் அதில் கையெழுத்துப் போட்டார். சொந்த மாமாவே கையெழுத்துப் போட்டதை நினைத்து நான் கொடிக்கம்பத்தின் பின்னால் நின்று ஏங்கி ஏங்கி அழுதேன்.

அழுது முடித்துத் திரும்பினால், மேசைக்கு முன்னால் பெரிய வரிசை நிற்கிறது. பெயர் கொடுக்கத்தான். அம்மாவின் ரூமில் வேலை பார்க்கிற பெண்கள் முன்னால் நின்றார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பதினைந்தாவது பெயரை எழுதியதும் மாமா விசிலை எடுத்து ஊதினார். பத்தொன்பதில் நின்றது. முழுக்கால் சட்டையா அரைக்கால் சட்டையா என்று ஒரு தாய்கூடக் கேட்கவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை பேரும் என் பேச்சைக் கேட்டு ரசித்துச் சேர்ந்தவர்கள் என்று முடிவு கட்டினேன். ரொம்ப நாள் வரை வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சாயங்காலம் அம்மாவோடு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. “அழாதம்மா. அடுத்த மாசம் ஒரே குச்சியில பத்த வச்சுக் காட்டுதேன்” என்றேன். அவள் சாலை என்றும் பார்க்காமல் என்னை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே இன்னும் அதிகமாக அழுதாள். நான் தோற்றது அவளை இவ்வளவு வருத்துகிறதே என்று நானும் மறுபடி அழ ஆரம்பித்தேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில்தான் சொன்னாள். அதற்கு முந்தின மாதம் சரக்கு நமுத்து ஒரு லோடு திரும்பி வந்ததாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் ரூமோடு எல்லோரையும் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லி வைத்திருந்தாராம். அன்று மைதானத்தில் அவர் எழுந்து கேட்டபோது, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவின் ரூம் பெண்கள் பதினோரு பேருக்கும் திங்கட்கிழமை வேலை இருக்குமா என்று தெரியவில்லை. நான் மைக்கைப் பிடித்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்திருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் காரியம் என் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கியதுதான். கால் கழுவிவிட்டு வந்து, அதைச் சாமி படத்துக்கு முன்னால் பழைய இடத்திலேயே வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

“அது பத்தாத பெட்டிம்மா, அங்கன எதுக்கு வைக்கே?” என்றேன்.

அவள் சந்தனக் கிண்ணத்தை எடுத்து, கொஞ்சம் குழைத்து, என் நெற்றியில் பூசினாள்.